திரேசா ஊர் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

நிரஞ்சினியிடம் கார் பழகியவர்கள் மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கத்தில் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அவர்களில் அவளிடம் ஏச்சு வாங்காதவர் என்று ஒருவரும் கிடையாது. டாக்டர், என்ஜினியர், கோயில் ஐயர் என்ற பேதமெல்லாம் அவளுக்கு இல்லை. கண்ணாடி பார்க்காமல் லேன் மாறினால், "உங்களுக்குப் பின்னாலை வாறவன் வீட்டை போய்ச் சேர வேண்டாமோ?" என்று கேட்பாள். கேட்டு முடிப்பதற்குள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தும் விடுவாள். பழக்குகிற காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. பதினொரு வருடமாக அதில் கால் வைத்துப் பழகிப்போனதால், பஸ்ஸில் போனாலும் அவளுடைய வலது கால் சும்மா கிடக்காது.

அப்படிப்பட்டவள், ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஸ்பிரிங்வேலில் தன் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தியிருந்த காரில் ஏறி, வழக்கமான இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். ஓட்டுகிற இருக்கை வெறுமையாக இருந்தது. போனைக் கண்ணாடிக்குக் கீழே தாங்கியில் செருகிவிட்டு, ஜேர்மனியில் இருக்கும் அக்காவை வீடியோவில் அழைத்தாள். வீட்டுக்குள் இருந்து பேச அவளால் முடியாது. காருக்குள் இருந்தால்தான் அவளுக்குப் பாடம் நடத்த வாய் வரும்.

அக்கா திரேசா இருபத்தாறு வருடமாக சோஸ்ட் என்ற ஊரில் இருக்கிறாள். ஜேர்மனிக்குச் சுற்றுலா போகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு. திரேசா கூட எட்டிப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீடு, பஸ் தரிப்பிடம், தேவாலயம், சூப்பர்மார்க்கெட், வேலை செய்யும் ஆஸ்பத்திரி. இந்த ஐந்துக்குள் அவளுடைய சோஸ்ட் முடிந்துவிடும். ஆஸ்பத்திரியிலும் நிலக்கீழ் அறையில், ஜன்னலே இல்லாத சலவைப் பகுதியில் பதின்மூன்று வருடம் படுக்கை விரிப்புகளோடு மாரடித்தாள்.

ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு ஒரு கதவு திறந்தது. முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைக்குப் படித்து, பரீட்சை எழுதி, இடமும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஆறரைக்குத் தொடங்க வேண்டும். ஒரு காலைக்கு ஒன்பது வீடு. கார் அவர்களே தருவார்கள். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றாள். அது பொய்யில்லை. மூன்றாம் தரம் பாஸ் பண்ணி எடுத்த லைசென்ஸ் எட்டு மாதமாகக் கைப்பைக்குள் பத்திரமாக இருந்தது. தனியாக ஒரு தடவை கூட கார் ஓட்டியதில்லை என்பதை அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எல்லாம் அத்தான் இந்திரகுமாரால் வந்தது. தங்கமான மனிதர்தான். ஆனால் மனைவி ஓட்டும்போது பக்கத்தில் இருந்துகொண்டு ஐயோ என்பார். சிவப்பு விளக்குக்கும் ஐயோ, பச்சை விளக்குக்கும் ஐயோ. லைசென்ஸ் எடுத்த இரண்டாம் நாள் சூப்பர்மார்க்கெட் தூணில் கார்க் கண்ணாடி கொஞ்சம் உரசியது. அன்றிலிருந்து சாவியை அவரே முந்தி எடுக்கத் தொடங்கினார். நீ ஓட்டாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "நீ இரு, நான் விடுறன்" என்பார். அதற்குமேல் திரேசாவுக்கும் சண்டை பிடிக்க மனம் வரவில்லை, பயமும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் தங்கைக்குப் போன் எடுத்து அழுதாள். "நான் வரேல்லை எண்டு சொல்லப்போறன் நிரா. ஒன்பது வீட்டுக்குப் போறதுக்கிடையிலை ஒன்பது பேரைக் கொன்றுபோடுவன். எனக்கு அந்த நிலக்கீழ் அறையே காணும்."

நிரஞ்சினிக்கு ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன. அக்காவுக்குப் பயிற்சி தருகிறேன் என்றால் அவள் ஆயிரம் சாட்டுச் சொல்வாள். ஆனபடியால் வேறு கயிறு எறிந்தாள். "சரி, விடுங்கோ. நாங்கள் நேரிலை கண்டே இருபத்தாறு வருசம். படகிலை அகதியா வந்ததாலை பத்து வருசம் என்னாலை இந்த நாட்டை விட்டு அசையேலாமல் போச்சு. ஞாயிற்றுக்கிழமை போனிலை எண்டாலும் உங்கட ஊரை எனக்குச் சுற்றிக் காட்டுங்கோ. ஒரு அரை மணித்தியாலம்." இதற்கு எந்த அக்கா மாட்டேன் என்பாள்?

மெல்பேர்னில் மாலை ஆறு என்றால் சோஸ்டில் காலை ஒன்பது. இரவு வேலை முடித்து வந்த இந்திரகுமார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாவி மேசையில் கிடந்தது. திரேசா அதை எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறியும் விட்டாள். நிரஞ்சினி சொன்னபடி போனைத் தாங்கியில் வைத்து, கமரா வீதியைப் பார்க்கும்படி திருப்பினாள்.

"போனைப் பார்க்கக் கூடாது. நான் கதைக்கிறது காதிலை விழுந்தால் காணும்" என்றாள் நிரஞ்சினி. தன்னிடம் பழகுகிற யாராவது இப்படிப் போனோடு கார் ஓட்டினால் அவள் பாதி வழியில் இறக்கி விட்டிருப்பாள். அது வேறு விஷயம்.

"நிரா, இதிலை இருந்தே வடிவாத் தெரியுது. அங்கை பார், தபால் கந்தோர். அதுக்குப் பின்னாலை ஒரு கோபுரம். அவ்வளவுதான் ஊர்" என்றாள் திரேசா. கார் இன்னும் வீட்டு வாசலிலேயே நின்றது.

"வெளிக்கிடுங்கோ அக்கா. கண்ணாடியைப் பாருங்கோ. சிக்னலைப் போடுங்கோ."

"ஒரு சைக்கிள் வருது."

"போகட்டும். இப்ப எடுங்கோ."

"இன்னொரு சைக்கிள் வருது."

இப்படியே கால் மணி நேரம் போனது. சோஸ்டில் உள்ள சைக்கிள்களெல்லாம் அன்று காலை அந்தத் தெருவால்தான் போயின. கார் ஓர் அடி நகரும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்வேலில் நிரஞ்சினியின் கால் தன்னையறியாமல் பிரேக்கை அழுத்தியது. அதனால், ஓட்ட ஆளில்லாமல் நின்ற அந்தக் காரின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு கல்யாணசுந்தரம் இதைப் பார்த்துவிட்டார். தஞ்சாவூர்க்காரர், பாலம் கட்டும் என்ஜினியர். நிரஞ்சினியிடம் பழகி இரண்டாம் தடவை பாஸ் ஆனவர். அவள் காரைத் தூரத்தில் கண்டாலே கண்ணாடி பார்க்கிற ஆள். கிட்ட வந்து ஜன்னலைத் தட்டினார்.

"என்ன மேடம், ஸ்டூடண்ட் இல்லாமலே திட்டிட்டு இருக்கீங்க?"

நிரஞ்சினி போனைக் காட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். ஜேர்மனி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் தொட்டியை அப்படியே விட்டுவிட்டார். "ராதா, சீக்கிரம் வா" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய மனைவி ராதா கையில் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியோடு வந்தாள். இரண்டு பேரும் கேட்காமலே பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்கள். கல்யாணசுந்தரம் சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டார். பழக்க தோஷம்.

"நிரா, ஆர் அது?" என்றது போன்.

"எங்கட பக்கத்து வீட்டுக்காரர் அக்கா. இந்தியாவிலை இருந்து வந்தவை. உங்கட ஊர் பார்க்க வந்திருக்கினம்."

இந்த இடத்தில்தான் நிரஞ்சினி நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. திரேசாவின் குரலே மாறிவிட்டது. "வாங்கோ, வாங்கோ. சாப்பிட்டிட்டே வந்தனீங்கள்?" என்றாள், அவர்கள் தன் காரில் ஏறியிருப்பதைப் போல. தங்கைக்குச் சாட்டுச் சொல்லலாம். முன்பின் தெரியாதவர்கள் ஊர் பார்க்கவென்று வந்து உட்கார்ந்திருக்கும்போது, எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்ல எங்கள் பெண்களுக்கு வாய் வருமா? பயம் பெரிதா, மானம் பெரிதா என்று கேட்டால் மானம்தான். திரேசா ஒரு தரம் தொண்டையைச் செருமினாள். சிக்னல் டிக் டிக் என்றது. கார் வீதியில் ஏறியது.

ஸ்பிரிங்வேலில் மூன்று பேரும் திரையை நோக்கிச் சாய்ந்தார்கள்.

"இது நான் தினமும் பஸ் எடுக்கிற இடம்" என்று தொடங்கினாள் திரேசா. "இப்ப வலப்பக்கம் திரும்பினால் தேவாலயம் வரும்." திரும்பினாள். கொஞ்சம் அகலமாகத்தான் திரும்பினாள், ஆனால் திரும்பினாள். உயரமான ஒரு கோபுரம் திரையை நிறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்துக்கொண்டிருந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. தெருவில் நாயோடு போன ஒரு கிழவரைத் தவிர ஆளில்லை.

"அக்கா, சர்ச் ஏன் இப்படிப் பச்சையா இருக்கு? பாசி புடிச்சிருக்கா?" என்று ராதா கேட்டாள்.

"ஓம், இஞ்ச மழை கூட. ஒருத்தரும் கழுவுறேல்லைப் போல" என்றாள் திரேசா.

கல்யாணசுந்தரம் அதற்குள் தன் போனில் தேடிவிட்டார். "இல்லைங்க, கல்லே பச்சைக் கல்லாம். அந்த ஊர்ப் பக்கத்துல வெட்டி எடுக்கிறதாம். ஊர்ல பாதிக் கட்டடம் இதுலதான் கட்டியிருக்காங்க."

திரேசாவுக்குச் சிரிப்பு வந்தது. "இருபத்தாறு வருசமா நான் பாசி எண்டெல்லோ நினைச்சிருந்தனான். சுவாமியாரிட்டைக் கூட ஒருக்கா, இதைக் கழுவ ஆள் பிடிக்கக் கூடாதோ எண்டு கேட்டனான். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தவர்." சிரித்த சிரிப்பில் அவளுடைய தோள் இறங்கிவிட்டது என்பதை, பார்க்காமலே நிரஞ்சினி அறிந்தாள். பயந்து ஓட்டுகிறவர்களின் தோள் காதுவரை ஏறியிருக்கும். அது இறங்கினால் குரலும் இறங்கும்.

கார் கல் பதித்த ஒழுங்கைகளுக்குள் நுழைந்தது. கறுப்பு மரச் சட்டங்களும் வெள்ளைச் சுவரும் கொண்ட வீடுகள் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றன. ஒரு குளத்தில் வாத்துகள் நீந்தின. கல்யாணசுந்தரம் வாசித்து வாசித்துச் சொன்னார். திரேசா, "ஓமோ? எனக்குத் தெரியாது" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினாள். விருந்தாளிகளுக்கு ஊர் காட்டப் புறப்பட்டவள், தானே அவர்களோடு சேர்ந்து ஊர் பார்க்கத் தொடங்கியிருந்தாள். ராதா பஜ்ஜி ஒன்றைத் திரைக்கு முன்னால் நீட்டி, "அக்கா, உங்களுக்கும் ஒண்ணு" என்றாள்.

பழைய மதிலைத் தாண்டி வெளியே வந்தபோது முன்னால் ஒரு ரவுண்டபவுட் தெரிந்தது. நிரஞ்சினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரவுண்டபவுட் என்றால் அவளுடைய வித்தையே அங்கேதான். முந்நூறு பேரையும் அவள் உருப்படியாக்கியது ரவுண்டபவுட்டில்தான்.

"மெதுவா அக்கா. வலப்பக்கம் பாருங்கோ. வலப்பக்கத்தாலை ஒருத்தரும் இல்லையெண்டால் எடுங்கோ. இல்லை, கிளியர். எடுங்கோ, எடுங்கோ."

கார் நின்றது. நகரவில்லை.

"எடுங்கோ அக்கா, வலப்பக்கம் வெறுமையா இருக்கு."

"வாயை மூடு நிரா" என்றாள் திரேசா.

அடுத்த நொடி, இடப்பக்கத்திலிருந்து ஒரு பெரிய வெள்ளை வான் வந்து, அவளுடைய மூக்குக்கு முன்னால் வளைந்து போனது. தங்கை சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த வான் திரேசாவின் கதவில்தான் வந்து நின்றிருக்கும்.

"இஞ்ச வாகனம் இடப்பக்கத்தாலைதான் வரும். நீ உன்ரை ஊர்ச் சட்டத்தை இஞ்ச கொண்டு வராதை" என்றாள் திரேசா. குரலில் நடுக்கம் இல்லை. இடப்பக்கம் பார்த்தாள், எடுத்தாள், வட்டத்தைச் சுற்றிச் சரியான பாதையால் வெளியே வந்தாள்.

பின் இருக்கையில் கல்யாணசுந்தரம் சிரிப்பை அடக்க முடியாமல் பஜ்ஜியால் வாயை அடைத்துக்கொண்டார். நிரஞ்சினிக்கு முகம் சுட்டது. பதினொரு வருடத்தில் அவளை யாரும் காருக்குள் வைத்து வாயை மூடச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. அதற்குப் பின்னால், அவளே எதிர்பாராத அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அக்காவுக்கு ஓட்டத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதமும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஐயோ சொல்கிற ஒருவரும் எடு எடு என்கிற ஒருத்தியும்தான் அவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. திரேசாவே பேசிக்கொண்டு போனாள். மாதா சிலை, பூட்டிய பேக்கரி, கணவரோடு முதன்முதல் வாடகைக்கு இருந்த வீடு. அந்த வீட்டைக் கடந்ததும் ஓரமாகக் காரை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தாள். போனைத் தன் பக்கம் திருப்பினாள். முகம் வியர்த்திருந்தது. காதில் முத்துத் தோடு போட்டிருந்தாள்.

"நிரா, நான் போனை வைக்கப்போறன்."

"ஏன் அக்கா? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. நாளைக்கு நீ என்னோடை வரமாட்டாய்தானே. தம்பி, தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. அடுத்த முறை நேரிலை வாங்கோ, முழுக்கக் காட்டுறன். போயிட்டு வாறன்."

திரை கறுத்தது. ஸ்பிரிங்வேலில் மூன்று பேரும் இன்னும் காருக்குள் அப்படியே இருந்தார்கள். கொஞ்ச நேரம் யாருக்கும் இறங்கத் தோன்றவில்லை.

"நல்ல ஊருங்க" என்றார் கல்யாணசுந்தரம்.

அங்கிருந்து திரேசாவின் வீடு பத்து நிமிட ஓட்டம். நிரஞ்சினி பதினைந்து நிமிடம் பொறுத்தாள். ராதா தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். அரை மணி நேரத்தில் நிரஞ்சினி போன் எடுத்தாள், பதில் இல்லை. ஓட்டும்போது போனைப் பார்க்கக் கூடாது என்று சொன்னவளே அவள்தான், ஆனாலும் திரும்ப எடுத்தாள். ஒரு மணி நேரமானபோது தேநீர் ஆறிப்போய்க் கோப்பையில் ஆடை கட்டியிருந்தது. அந்த வெள்ளை வான் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. சும்மா இருந்த அக்காவை நான்தானே கிளப்பி விட்டேன் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். "வந்துடுவாங்க அக்கா" என்று ராதா மூன்றாம் தடவையாகச் சொன்னாள்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. பார்த்தால் இந்திரகுமார்.

"நிரா, உன்ரை அக்கா எங்கை? எழும்பிப் பார்த்தால் ஆளும் இல்லை, காரும் இல்லை."

நிரஞ்சினி மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஊர் பார்க்கப் போனவ அத்தான்."

"ஆரோடை?"

"தனிய."

ஐயோ என்ற சொல் கூட அவருக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து நிரஞ்சினியின் போன் ஒரு தரம் துடித்தது. திரேசாவிடமிருந்து ஒரு படமும் ஒரு குரல் செய்தியும். படத்தில் பெரிய நீர்ப்பரப்பு, அதற்கு முன்னால் இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவே நேராக நிறுத்திய கார். படத்தின் ஒரு மூலையைத் திரேசாவின் விரல் மறைத்திருந்தது. நிரஞ்சினி அத்தானுக்கும் கேட்கும்படி குரலை ஓட விட்டாள்.

"நிரா, திரும்புற இடத்தை விட்டிட்டன். பிறகு திரும்ப இடம் கிடைக்கேல்லை, அப்பிடியே ஓடி வந்திட்டன். ரெண்டு தரம் பின்னாலை நிண்டவன் ஹோன் அடிச்சவன், அடிக்கட்டும் எண்டு விட்டிட்டன். இஞ்ச கடல் மாதிரி ஒரு ஏரி. இவ்வளவு காலமும் இது இஞ்சதான் கிடந்திருக்கு. நாளைக்கு நான் வேலைக்குப் போவன். அத்தான் எழும்பினால் பயப்பட வேண்டாம் எண்டு சொல்லு. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்திட்டுத்தான் வாறன்."

நிரஞ்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை. ராதா கணவரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அது மோனசே ஏரி" என்றார் இந்திரகுமார் கடைசியில். "பன்னிரண்டு கிலோமீற்றர்தான். கூட்டிக்கொண்டு போறன் எண்டு கலியாணம் முடிச்ச வருசம் சொன்னனான். பிறகு நேரம் கிடைக்கேல்லை."

"ஓம் அத்தான்."

"நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வரட்டே?"

"எதிலை?" என்று கேட்டாள் நிரஞ்சினி.